என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது திட்டுவதற்கு இல்லை

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் கிளினிக்குக்கு வரும் திருநங்கைகள் பலர், ஹார்மோனைத் தாங்களே ஆரம்பித்து, ஏதாவது கோளாறு வந்த பிறகுதான் வருகிறார்கள்.

போன காவடி சமயத்தில் ஒருவர் வந்தார். முப்பதைத் தாண்டியவர், துணைக்கு ஆயா. ஆயாதான் தமிழில் பேசினார், பேத்திக்கு ஆங்கிலம்தான் சரளம். அக்காவின் கருத்தடை மாத்திரை நாளுக்கு மூன்று, ஆண் ஹார்மோனை அடக்க ஆயாவின் ஸ்பைரனோலேக்டோன், ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில், போதாததற்கு சிகரெட். முன்பு போன ஒரு இடத்தில் கேலி பேசி அனுப்பிவிட்டார்களாம், அதனால் வாட்ஸ்அப்பில் விசாரித்து ஆரம்பித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

கருத்தடை மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோன். அதில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதால்தான் இந்தச் சிகிச்சைக்கு நாங்கள் அதை எழுதாமல், உடம்பே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடியோலைத் தருகிறோம்; புகைபிடிக்கிறவர் அதையே நாளுக்கு மூன்று விழுங்கினால் கேட்கவே வேண்டாம். ஸ்பைரனோலேக்டோனும் எனாலப்ரிலும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம், அதுவரை உடம்பில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களின் கதை வேறு. அது ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரலில் சீக்கிரம் சிதைத்துவிடும், 'வேலை செய்யவில்லையே' என்று அவர்களாகவே அளவைக் கூட்டுவார்கள்.

ஆயா ஒரு கேள்வி கேட்டார், நான் கேட்டிருக்க வேண்டியது: "பின்னால ஒரு பிள்ளை வேணும்னா?" விந்தணுவைச் சேமிப்பதென்றால் ஹார்மோனுக்கு முன்னால் செய்வதுதான் நல்லது. திருநம்பிகளுக்கும் ஒன்று: டெஸ்டோஸ்டிரோனில் மாதவிடாய் நின்றாலும் அது கருத்தடை ஆகாது. உடைந்த குரலும் திரும்பாது.

அப்புறம் காகித விஷயம். 2003-ஆம் ஆண்டின் 49-ஆம் சட்டப்படி, அடையாள ஆவணத்தில் பாலினத்தை மாற்ற அறுவை சிகிச்சை கட்டாயமில்லை, மருந்துச் சிகிச்சையே போதும். ஆனால் சிகிச்சை தந்த மருத்துவரின் அறிக்கை வேண்டும். வாட்ஸ்அப் குழு அறிக்கை தராது.

ஸ்கேனில் ரத்தக்கட்டி இல்லை, பொட்டாசியம்தான் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, ரத்த அழுத்த மருந்தை மாற்றி, மறுபடி ரத்தம் பார்த்து, குறைந்த அளவு எஸ்ட்ராடியோலில் தொடங்கினோம். சிகரெட்டை இன்னும் விடவில்லை, அது தனிச் சண்டை. கிளம்பும்போது ஆயா என் காதருகே வந்து சொன்னார்: "டாக்டர், என் மாத்திரைய மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."