உப்புத்தண்ணீருக்கு எழுதாத எண்: ஐபி 68 போனும் நம் கடற்கரையும்

முக்கடல் கூடும் இடத்தில் கால் நனைக்கிறவர்கள், முட்டம் பாறை மேல் நின்று அலையைப் படமெடுக்கிறவர்கள், சின்னமுட்டத்தில் வள்ளம் ஏறுகிறவர்கள் எல்லோரும் கையிலிருக்கும் லட்ச ரூபாய் போனைக் காட்டிச் சொல்வது ஒன்றுதான்: “இது வாட்டர் ப்ரூஃப்.” பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபி 68 என்ற தூசி, தண்ணீர்த் தடுப்புத் தரக்குறி பொய்யில்லை. ஆனால் அது நல்லதண்ணீரில் வைத்த பரீட்சையில் வாங்கிய மதிப்பெண். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 70 கிலோமீட்டருக்குக் கடல்தான் எல்லை. இங்கே போன்களைக் கெடுப்பதில் தண்ணீரைவிட உப்புக்கே பங்கு அதிகம்.

எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். முன்னால் இருக்கும் 6, தூசி உள்ளே நுழையாது என்பதைச் சொல்கிறது. பின்னால் இருக்கும் 8, தண்ணீரில் மூழ்குவது பற்றியது. ஏழாம் படிக்கு 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்று அளவு நிலையாக இருக்கிறது. எட்டாம் படிக்கு அப்படி இல்லை. ஏழைவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே வகுத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஐபோன் 12 வரிசைக்கு 6 மீட்டரும், சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசைக்கு 1.5 மீட்டரும் என்று ஒரே எண்ணுக்கு இரண்டு அளவு இருக்கிறது. இரண்டுக்கும் நேரம் 30 நிமிடம்தான். சோதனையும் ஆய்வுக்கூடத்தில், அசையாத தண்ணீரில், புதுப் போனை வைத்துச் செய்தது. கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று சாம்சங் தன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

அசையாத தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். திற்பரப்பு அருவிக்கடியில் போனை நீட்டுவது மூழ்கும் சோதனைக்குள் வராது. பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று தனிப் படிகள் உண்டு. சூடான தண்ணீரை அழுத்தத்தோடு அடித்துப் பார்ப்பது 9. எட்டு வாங்கிய போன் ஐந்தையும் ஆறையும் தாங்கியே தீரும் என்று விதியில்லை. சில நிறுவனங்கள் 66, 68, 69 என மூன்றையும் சேர்த்து அச்சிடுவது அதனால்தான். அருவிக்கும், சாய்ந்தடிக்கும் மழையில் பைக் ஓட்டுவதற்கும் பெட்டியில் பார்க்க வேண்டியது அந்த 66.

இன்னொன்று சூடு. உச்சிவெயிலில் ஜிபிஎஸ், வீடியோ, முழு வெளிச்சம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் போனுக்குள் இருக்கும் காற்று 45 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த நிலையில் 25 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் உள்ளே காற்று சுருங்கி, அழுத்தம் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வெளியிலிருந்து தண்ணீர் அழுத்துகிற அளவுக்கு அது சமம். உள்ளழுத்தத்தைச் சரிசெய்ய ஒரு நுண்துளைச் சவ்வு இருக்கிறது. காற்றை விடும், தண்ணீரை விடாது. போன் மூழ்கியதும் அந்தச் சவ்வு தண்ணீரால் அடைபட்டுவிடுவதால் இழுப்பு முழுவதும் ஓரத்துப் பசை மேல் விழுகிறது. இரண்டு வருடம் வெயிலிலும் பேண்ட் பாக்கெட்டிலும் கிடந்த பசை புதுப்பசை போலத் தாங்காது.

இனி உப்பு. ஒரு லிட்டர் கடல்தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் பெரிய கேடு அது காய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஜாடி உப்பு மழைக்காலத்தில் நீர்த்துப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் காணும் ஊர் நம்முடையது. கடலோரத்தில் காற்று உலர்ந்திருக்கும் நாட்களே குறைவு. சார்ஜர் குழியில் ஒட்டிய உப்பு பகலில் காயும், ராத்திரி மறுபடி நனையும். அது உள்ளே இருக்கும்வரை போன் நனைந்துகொண்டேதான் இருக்கிறது.

“மூணு நாள் காயவைத்தும் ஈரம் இருக்குன்னே காட்டுது” என்று பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவரும் போன்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உயர்ரகப் போன்கள் சார்ஜர் குழியில் மின்தடையை அளந்து, ஈரம் தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடும். துளிச்சின்னம் வரும், சார்ஜ் ஏறாது. அந்த எச்சரிக்கையைக் கோளாறு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். போனில் இருக்கும் நல்ல மென்பொருள் வசதிகளில் அதுவும் ஒன்று. ஐபோனில் எச்சரிக்கையை மீறிச் சார்ஜ் ஏற்றும் தெரிவும் இருக்கிறது. கடல்தண்ணீர் பட்ட போனில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஏன் என்றால், யூஎஸ்பி சி குழிக்குள் 24 முனைகள், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. சாதாரணமாக 5 வோல்ட், வேகச் சார்ஜரில் 9 அல்லது அதற்கும் மேல். நடுவே உப்புநீர் இருந்தால் மின்பகுப்பு நடக்கும். மேலிருக்கும் மெல்லிய தங்கப் பூச்சும் அதனடி நிக்கலும் அரித்துப்போய் செம்பு வெளியே வரும். பச்சைப் பூஞ்சை போலத் தெரிவது செம்பின் உப்பு. நனைந்து கிடப்பதைவிட, மின்சாரத்தோடு நனைந்து கிடப்பது பல மடங்கு வேகமாகத் தின்னும். கேபிளை ஒரு பக்கமாகச் சொருகினால் சார்ஜ் ஏறுகிறது, திருப்பிச் சொருகினால் ஏறவில்லை என்றால், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக இருக்கும் தொடர்பு முனைகளில் ஒன்று போய்விட்டது என்று பொருள். வேகச் சார்ஜ் நின்று மெதுவாக மட்டும் ஏறுவதும் இந்த அரிப்பின் தொடக்கமாக இருக்கலாம். இந்த நிலையிலேயே கொண்டுவந்தால் குழியை மாற்றுவதோடு முடியும். தள்ளிப்போட்டால் போனின் மூளையான மின்சுற்றுப் போர்டு வரை போகும்.

போன் கடலில் விழுந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். கவரைக் கழற்றுங்கள். சிம் ட்ரேயை அப்போதே இழுக்காதீர்கள். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்தான் அங்கே தடுப்பு. கண்ணாடியில் விரிசல் இல்லையென்றால், ஒரு பாட்டில் குடிதண்ணீரை மெல்ல ஊற்றி சார்ஜர் குழி, ஸ்பீக்கர், மைக் துளை, பட்டன் இடுக்கு எல்லாவற்றையும் கழுவுங்கள். நனைந்த போனை மறுபடி நனைப்பதா என்று எல்லோரும் தயங்குகிறார்கள். உப்பை வெளியேற்ற வேறு வழியில்லை. நல்லதண்ணீர் அல்லாத எதில் விழுந்தாலும் இப்படிக் கழுவத்தான் தயாரிப்பாளர்களும் சொல்கிறார்கள். குழாயை முழுவதும் திறந்து பீய்ச்ச விடாதீர்கள். பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, குழி கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வையுங்கள். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை கேபிள் வேண்டாம்.

அரிசிச் சாக்குக்குள் போடுவது வீண்வேலை. தவிடும் நொய்யும் குழிக்குள் போய் அடைக்கும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆப்பிளும் அரிசி வேண்டாம் என்றே சொல்கிறது. ஹேர் டிரையர், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு இரண்டும் பசையை இளக்கும். ஊசி, பஞ்சுக்குச்சி விட்டுக் கிண்டுவது முனையை வளைக்கும். ஸ்பீக்கரிலிருந்து தண்ணீரைத் தள்ளும் ஒலியைப் போடலாம். ஆனால் கழுவிய பிறகு. முன்னாலேயே போட்டால் தண்ணீர் போய், உப்பு வலையில் படிந்து, குரல் அடைத்துப்போகும்.

விரிசல் இருந்தாலோ, முன்பே ஒருமுறை திறந்து பழுதுபார்த்த போனாக இருந்தாலோ மேலே சொன்ன கழுவல் பொருந்தாது. உப்பு உள்ளே போயிருக்கும். அணைத்து, அன்றைக்கே பிரித்துப் பார்க்கக் கொடுத்துவிடுங்கள். கேமரா கண்ணாடிக்குள் பனி மூட்டம் தெரிந்தாலும் அப்படியே. ஈரம் உள்ளே போய்விட்டதற்கு அது சாட்சி.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணல் எடுக்கிறார்கள் என்பது நமக்குப் புதிதில்லை. அதிலுள்ள இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும் தாது. ஸ்பீக்கருக்குள்ளும், ஐபோன் 12 முதல் பல மாடல்களின் முதுகிலும் வலுவான காந்தம் இருக்கிறது. கரையில் போனைக் கீழே வைத்தால் கரும்பொடி ஸ்பீக்கர் வலையில் ஏறிக்கொள்ளும். அதே மணலில் கார்னெட்டும் உண்டு. உப்புத்தாளில் ஒட்டித் தேய்க்கப் பயன்படும் அளவுக்குக் கடினமானது. மணல் பட்ட கேமராவை வேட்டி நுனியால் உலர்வாகத் துடைத்தால் பூச்சு கீறிவிடும். நல்லதண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் துணி படவேண்டும்.

பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில. உப்பு போன போர்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுகிறார்களா, சில்லுகளை மூடியிருக்கும் தகர மூடிகளைக் கழற்றிப் பார்க்கிறார்களா? பல உயர்ரகப் போன்களில் போர்டு இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறது. மேலோட்டமாகத் துடைத்தால் நடுவில் உப்பு தங்கி, சில வாரங்களில் நெட்வொர்க் போவது, சூடேறுவது என்று திரும்பி வரும். டிஸ்ப்ளே மாற்றினாலும் பின்கண்ணாடி மாற்றினாலும் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அந்த மாடலுக்கென வெட்டிய புதுப் பசைச் சட்டத்தை வைக்கிறார்களா? டியூப் பசையை ஓரமாக இழுத்து ஒட்டிய போன் பார்க்க நன்றாக இருக்கும், ஐபி 68 அதோடு போய்விடும். அழுத்தச் சோதனைக் கருவி இருந்தால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டியை நம்பிக் கவனக்குறைவாக இருக்க வேண்டாம். நீர்ச்சேதம் பொதுவாக அதில் வராது. பல மாடல்களில் சிம் குழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். தண்ணீர் பட்டால் சிவக்கும், மறுபடி வெளுக்காது. பழைய போன் வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். உயர்ரகப் போன்கள் பலவற்றில் காற்றழுத்தமானி இருக்கிறது. அதன் அளவைக் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து, கவரைக் கழற்றி, திரையின் நடுவில் இரு கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். அடைப்பு நன்றாக இருந்தால் எண் சட்டென ஏறும், கையெடுத்ததும் இறங்கும். அசையவே இல்லையென்றால் எங்கோ காற்று போகிறது. அந்தப் போனை மழையிலும் நீட்ட வேண்டாம். எண் ஏறுகிறதே என்று கடலில் இறங்கிவிடவும் வேண்டாம், இது தோராயமான பரிசோதனைதான்.

மனம் கனக்கச் செய்வது ஒன்றுண்டு. கெட்டுப்போன போர்டோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது போட்டோவைத்தான். இன்றைய உயர்ரகப் போன்களில் சேமிப்பு முழுவதும் பூட்டெழுத்தில் (என்க்ரிப்ஷன்) இருக்கிறது. திறவுகோல் அந்தப் போனின் பாதுகாப்புச் சில்லுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. நினைவகத்தை மட்டும் கழற்றி வேறொன்றில் வைத்து எடுக்க முடியாது. போர்டு ஒருமுறையாவது உயிர்பெற்றால்தான் உண்டு. அதை உறுதியாகச் சொல்ல எந்தக் கடையாலும் முடியாது. ஆகவே கடலுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி வைஃபையில் பேக்கப் ஓடி முடிந்ததா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை சார்ஜர் குழி வழியாகவே ஒரு பென் டிரைவில் படங்களை நகலெடுத்து, அந்தப் பென் டிரைவை வீட்டில் வையுங்கள். போன் கவருக்குள் வேண்டாம்.