பத்தாவதைத் தாண்டிக் குதித்த பட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலிங் வகுப்பு முடிந்து அறையைப் பூட்டப் போகிற நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றார். வயது 43. கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் ஒரு பூத்துவாலை, துவாலைக்குள் லேமினேட் செய்த பி.ஏ. பட்டச் சான்றிதழ். குழந்தையைப் பிரித்துக் காட்டுவதுபோல் மெதுவாகப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

கணவர் அரசுப் பணியில் இருக்கும்போதே இறந்துவிட, கருணை அடிப்படையில் இவருக்கு அலுவலக உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. படிப்பு எட்டாவது. "ஒரு டிகிரி வாங்கிட்டா கிளார்க் ஆயிடலாம்" என்று கூட வேலை பார்ப்பவர் யாரோ சொல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை மாடியில் இருந்த ஒரு 'சென்டரில்' சேர்ந்திருக்கிறார். பத்தாவது, பன்னிரண்டாவது எதுவும் வேண்டாம், ஆறு மாத ஆயத்தப் படிப்பு, அப்புறம் மூன்று வருட பி.ஏ. என்று சொல்லியிருக்கிறார்கள். தவணை தவணையாகக் கிட்டத்தட்ட 60,000 ரூபாய். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படித்து, நிஜமாகவே தேர்வெழுதி, நிஜமாகவே பாஸ் செய்திருக்கிறார். பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. பெயர் இல்லை. கண்காணிப்பாளர் கேட்டது ஒரே கேள்விதானாம்: "பத்தாவது மார்க் ஷீட் எங்கம்மா?"

"டிகிரியே இருக்கும்போது பத்தாவது எதுக்கு மேடம்?" என்று என்னிடம் கேட்டார். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு இந்த வருடம் இது ஐந்தாவது கேஸ். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் பாடம் நடத்துவதோடு சனி, ஞாயிறுகளில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு ஆலோசகராகவும் இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்குமேல் முப்பத்தைந்து தாண்டியவர்கள். அங்கன்வாடிப் பணியாளர், கண்டக்டர், பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள், துபாயில் இருந்து திரும்பிவந்தவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: பயப்பட வேண்டிய இடத்தில் பயமே இல்லை, பயப்பட வேண்டாத இடத்தில் நடுங்குகிறார்கள்.

"தபால்ல படிச்ச டிகிரி செல்லாதாமே மேடம்?" வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்துதான் வருகிறதோ தெரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் சட்டமன்றச் சட்டத்தால் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, அங்கீகாரத்தோடு தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வாங்கிய பட்டம் நேரடி வகுப்பில் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, திரும்ப ஒருமுறை எழுத்தில் சொன்னது. நீங்கள் வகுப்பில் உட்கார்ந்தீர்களா, வீட்டில் உட்கார்ந்தீர்களா என்பது பிரச்சினையே இல்லை. போதுமா?

பிரச்சினை, பட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான். தமிழ்நாட்டில் அரசு வேலை, அரசுப் பதவி உயர்வு என்று வந்துவிட்டால் பத்தாவது, பிறகு பன்னிரண்டாவது அல்லது அதற்கு இணையானது, பிறகு பட்டம். இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள், "இந்த வரிசையில் பெற்றிருக்க வேண்டும்" என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை, நேராகக் காலியிட எண்ணிக்கைக்குப் போய்விடுகிறார்கள். இது நேற்று வந்த விதியும் இல்லை. அடிப்படைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக முதுகலை வாங்கிய ஒருவரைப் பற்றிய வழக்கில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கட்சிக்காரராக இருந்த வழக்கு அது, உச்ச நீதிமன்றம் 2009இல் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை 107ஐ வெளியிட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தபின் திறந்தநிலையில் வாங்கிய பட்டம்தான் அரசுப் பணிக்குச் செல்லும் என்று அதில் இருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் செல்போன் கடை மாடிகளுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் பட்டம் போலி இல்லை. ஆயத்தப் படிப்பு வழியாகச் சேர்வதும் பல்கலைக்கழகம் அனுமதித்த வழிதான். படிக்கும் ஆசைக்காகப் படிக்கிறீர்களா, தாராளமாகச் சேருங்கள். அந்தப் பட்டத்தை ஏற்கும் தனியார் நிறுவனத்தில் வேலையா, சரி. ஆனால் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துவிட்டார்களே, அங்கேதான் மோசம்.

அதைவிட வயிறு எரிகிற விஷயம் இன்னொன்று. இளநிலை உதவியாளர், அதாவது அவர் ஆசைப்பட்ட கிளார்க் பதவிக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பட்டமே தேவையில்லை! தனித்தேர்வராகப் பத்தாவது எழுதியிருந்தால், சில நூறு ரூபாய்க் கட்டணத்தில், ஒன்றரை வருடத்துக்குள் காரியம் முடிந்திருக்கும். நாலு வருடமும் 60,000 ரூபாயும் கொடுத்து, தேவையில்லாத ஒன்றை வாங்கி, தேவையானதை வாங்காமல் நின்றார்.

"இப்ப பத்தாவது எழுதினா இந்த பி.ஏ. செல்லுமா மேடம்?" செல்லாது. வரிசை தலைகீழாகிவிட்டது. ஆனால் அந்தப் பத்தாவது செல்லும், உங்கள் பதவி உயர்வுக்கு வேண்டியதும் அதுதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் பையன் பிளஸ் டூ. அவனுக்குக் கீழ உக்காந்து எழுதணுமா?" என்றார்.

இந்த வெட்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் தனித்தேர்வர் மையத்தில் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். அங்கே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவரவருக்குக் கணக்குப் பேப்பர் பயம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழந்தவர்கள் நிறைய.

சரி, பத்தாவதும் பன்னிரண்டாவதும் ஒழுங்காக இருக்கிறது, பட்டப் படிப்பில் சேரப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தப் படிப்பு இருக்கிறதா, நீங்கள் சேரும் அதே கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் வருடக் கணக்கில் வருவது. "நாக் ஏ பிளஸ் பிளஸ் மேடம்" என்று நோட்டீஸைக் காட்டுகிறார்கள். நாக் என்பது கல்வி நிறுவனத்தின் தரத்துக்குக் கொடுக்கும் சான்று. அது வேறு, தொலைநிலை அங்கீகாரம் வேறு. வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருந்தால் ஓட்டுநர் உரிமம் வேண்டாமா?

வேறு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம், இங்கே மாடியில் படிப்பு மையம் என்றால் உள்ளேயே போகாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்புக்கு மையம் வைக்கக் கூடாது, ஏஜென்டுக்குக் குத்தகைக்கு விடவும் கூடாது. பணத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் கட்டுங்கள். தனி ஆளின் கைபேசி எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2024 முதல் சேர்க்கைக்கு, யுஜிசியின் அதே தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி என்று ஓர் எண் கட்டாயம். அதை மாணவர்தான் உருவாக்க வேண்டும். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்பவரிடம் ஓடிபி சொல்லாதீர்கள், அவ்வளவுதான். "பழைய தேதியில ஒரே வருஷத்துல டிகிரி" என்று விற்பவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது கல்வித் துறை விவகாரம் இல்லை, போலீஸ் விவகாரம். கம்பி எண்ணும் வரிசையில் விற்றவரோடு வாங்கியவரும் நிற்பார்.

தபாலில் பி.இ. கிடையாது. நர்சிங் கிடையாது. சட்டமும் கிடையாது. பொறியியல் வேண்டுமென்றால், டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பி.இ. மாலை வகுப்புகள் இருக்கின்றன, அதைப் பாருங்கள். வக்கீல் ஆக ஆசைப்படும் நடுவயதுக்காரர்கள் அடிக்கடி வருகிறார்கள். அவர்களுக்கும் அதே பழைய பாட்டுத்தான்: அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டத்தை வைத்துச் சட்டப் படிப்பில் சேர முடியாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அரசு ஊழியர் என்றால் சேரும் முன்பே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். முடித்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் இன்னும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர், பிறந்த தேதி. நடுவயதில் படிக்க வருகிறவர்கள், பெண்கள் முக்கியமாக, சிக்கிக்கொள்வது இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இன்ஷியல். கல்யாணத்துக்குப் பின் ரேஷன் கார்டில் கணவரின் இன்ஷியல். ஆதாரில் கணவரின் முழுப் பெயரையே கடைசியில் ஒட்டிவைத்திருப்பார்கள். பிறந்த தேதியோ, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது காட்டவேண்டி ஹெட்மாஸ்டர் அன்றைக்குப் போட்ட கணக்கு. வீட்டில் கேட்டால் "ஆடி மாசம், பெருமழை பெஞ்ச வருஷம்" என்பார்கள். கணினிக்கு ஆடி மாசம் தெரியாது. பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்திக்கொண்டு வாருங்கள், சேர்ந்தபின் திருத்தலாம் என்று விடாதீர்கள். மார்க் ஷீட் தொலைந்துபோனவர்களும் கவலைப்பட வேண்டாம், இரண்டாம்படி வாங்க வழி இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும், அதனால் இப்போதே தொடங்குங்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பத்திரமாக இருக்கும் என்று செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் காகிதத்தைத் தொட்டு, முத்திரையைத் தடவிப் பார்த்துத்தான் சரிபார்ப்பார்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபது ரூபாய் பிளாஸ்டிக் ஃபைல் போதும்.

"வயசாயிடுச்சு மேடம், படிச்சா மண்டையில ஏறல, தலைவலிதான் வருது." இப்படிச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது கண்ணைப் பரிசோதித்தீர்கள் என்று. பாதிப் பேருக்கு அது வெறும் வெள்ளெழுத்து. புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூளை மங்கிவிட்டது என்று பேசுகிறார்கள். போன வருடம் ஒரு கண்டக்டர், கண்ணாடி போட்ட மறுவாரம் வந்து, "எழுத்தெல்லாம் கருப்பா இருக்கு மேடம்" என்றார்.

அடுத்தது கை. இருபது வருடமாகக் கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனாவைத் தொடாத கை மூன்று மணி நேரம் எழுதாது. ஒரு மணி நேரத்தில் விரல் விறைத்துவிடும். தெரிந்த பதிலையும் எழுத முடியாமல் வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் இரண்டு பக்கம், எதையாவது எழுதுங்கள். சமையல் குறிப்பானாலும் சரி. இதற்காகவாவது அசைன்மென்டை நீங்களே எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் "எழுதின அசைன்மென்ட்" விற்கிறார்கள், எனக்குத் தெரியும். ஒரே எழுத்துப் பிழையோடு ஏழு பேர் கொடுத்தால் எனக்குத் தெரியாதா? இக்னோவில் பெரும்பாலான பாடங்களுக்கு 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு. அந்த முப்பதை வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். இப்படிக் கையில் கொடுக்கும் மதிப்பெண்ணைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன்?

மூன்று வருடப் பட்டத்தை முடிக்க இக்னோவில் ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை, மகளுக்குப் பிரசவம், ஒரு தேர்வு போனால் அடுத்தது ஆறு மாதத்தில் வரும். எல்லாப் பேப்பரையும் ஒரே மூச்சில் எழுதி மூன்றாவது வருடமே முடிக்க வேண்டும் என்று உங்களை யாரும் விரட்டவில்லை. நீங்கள் காலேஜ் போகிற பிள்ளை இல்லை. தயவுசெய்து உங்கள் வேகத்தில் போங்கள்.

அந்த அம்மா கிளம்பும்போது சான்றிதழை மறுபடியும் துவாலையில் சுற்றினார். தனித்தேர்வர் விண்ணப்பம் எப்போது வரும், எட்டாவது டி.சி. எங்கே வாங்குவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "அறிவியலுக்கு டியூஷன் வேணுமா?" என்றார். கணக்குக்கு வேண்டும் என்றேன். "கணக்கு எனக்கு வரும் மேடம், சீட்டு நடத்துறேன்" என்றார்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். பத்தாவது மார்க் ஷீட்டில் தொடங்கி எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். லேமினேட் செய்யாமல்.