ஃபோல்டருக்குள் ஃபோல்டர்: வேலை முடிந்தது என்று எப்போது தெரியும்?

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன்; கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும். அந்தக் குளங்களின் நீர்மட்டக் குறிப்புகளைப் பாளையங்கோட்டை மாணவர்கள் சிலர் கணினியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அணைக்கட்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கால்வாய், அதற்குள் குளம். சில குளங்களுக்கு ஆண்டுவாரியாக இன்னும் ஒரு அடுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எல்லாக் கோப்புகளையும் படித்துத் தொகுக்க ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுத வேண்டும்.

எத்தனை அடுக்கு என்று முன்கூட்டித் தெரியாததால், ஒரு ஃபோல்டரைத் திறக்கும் ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் துண்டு) உள்ளே இன்னொரு ஃபோல்டரைக் கண்டால் தன்னையே மறுபடி அழைக்கிறது. இதுதான் ரிகர்ஷன். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட 2009-இல் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ்ஸில் நம் நிரல் ஒரே திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையாக, ஓடுகிறது. "இந்த ஃபோல்டரைப் படி" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். வட்டில் படிக்கும் வேலையை லிப்யூவி என்ற நூலகத்தின் திரெட்டுகள் பார்த்துக்கொள்கின்றன. நாம் மாற்றாத வரை அவை நான்குதான். குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மடை நான்கு என்றால் நான்கு மடைக்கு உண்டானதுதான் வெளியே வரும். ஆயிரம் கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்டாலும் அப்படித்தான்.

கேட்பது எளிது. எல்லாம் வந்து சேர்ந்ததை அறிவதில்தான் கஷ்டம் இருக்கிறது. வேலை முடிந்ததும் அழைக்கச் சொல்லி ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவைக்கும் கால்பேக் காலத்தில் இதற்கு ஒரு எண்ணி வைத்தார்கள்: வேலை தொடங்கும்போது ஒன்று கூட்டு, முடியும்போது ஒன்று கழி, பூஜ்யமானால் எல்லாம் முடிந்தது. ஃபோல்டருக்குள் இருப்பவற்றை முதலில் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகே அந்த ஃபோல்டருக்கான ஒன்றைக் கழிக்க வேண்டும். வரிசை மாறினால் பாதியிலேயே பூஜ்யம் வந்துவிடும்.

பின்னால் வரப்போகும் விடைக்கு இப்போதே கையில் கிடைக்கும் சீட்டு போன்ற ப்ராமிஸ் வந்தபின் எண்ணி தேவையில்லை. ஒவ்வொரு ஃபோல்டரும் தனக்குக் கீழுள்ள அத்தனைக்கும் சேர்த்து ஒரே ப்ராமிஸைத் தரும். பல ப்ராமிஸ்களை ஒன்றாக்கும் ப்ராமிஸ்.ஆல் என்ற கட்டளை அவற்றைக் கட்டிவைக்கும். மருதூரின் மேலக்காலும் கீழக்காலும் முடிந்தால்தான் மருதூர் முடியும். எது முந்தி வந்தாலும் விடைகள் நாம் கொடுத்த வரிசையிலேயே கிடைக்கும். ஆனால் ஒரு கோப்பு பழுதானால்கூட மொத்தமும் தோல்வி என்று அறிவித்துவிடும். பழுதானதை மட்டும் ஒதுக்க, 2020-இல் மொழியில் சேர்ந்த ஆல்செட்டில்ட் என்ற கட்டளை இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச்சுக்குள், ப்ராமிஸ் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டைப் போடுவது உதவாது. ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

திரெட் நான்குதானே, பிறகு ஏன் "திறந்த கோப்புகள் மிகுதி" என்ற பிழை வருகிறது? ஒரு கோப்பைப் படிப்பது திறத்தல், படித்தல், மூடுதல் என்று தனித்தனி வேலை. பத்தாயிரம் கோப்புகளைக் கேட்டால் பத்தாயிரம் திறத்தல்களும் வரிசையில் முன்னே நிற்கும். முதல் கோப்பை மூடும் முறை அவற்றுக்கெல்லாம் பின்னால்தான். ஒரு நிரல் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு இயங்குதளம் ஒரு வரம்பு வைத்திருக்கும்; அதைத் தாண்டினால் இந்தப் பிழை. ஃபோல்டரைப் பட்டியலிடுவதில் இந்தத் தொல்லை இல்லை. திறந்து, படித்து, மூடுவது அங்கே ஒரே வேலையாக முடிகிறது.

ஆகவே ஒரு நேரத்தில் ஐம்பது என்பது போலக் கட்டுப்பாடு வைக்க வேண்டும். அதைக் கோப்பு படிக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். ஃபோல்டர் ஃபங்ஷனுக்கே வைத்தால், ஐம்பது இடங்களையும் தாய் ஃபோல்டர்களே பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்; பிள்ளைகளுக்கோ நுழைய இடம் இருக்காது. பிழைச்செய்தி எதுவும் வராமல் வேலை அப்படியே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிப்பது மிகவும் சிரமம்.

நோட்.ஜேஎஸ் 20.1 பதிப்பிலிருந்து, ஃபோல்டரைப் பட்டியலிடும் ரீட்டிர் கட்டளைக்கே, உள் ஃபோல்டர்களையும் சேர்த்துப் பட்டியலிடும் ரிகர்சிவ் என்ற விருப்பம் உண்டு. பெயர்கள் மட்டும் போதுமென்றால் அதையே பயன்படுத்தலாம். கோப்புகளைப் படிக்கும்போது வைக்க வேண்டிய கட்டுப்பாடு அப்போதும் நம் பொறுப்புதான்.