பெர்மாகல்ச்சர்: நிரந்தரமா, நிலைத்ததா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய ரப்பர் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு லாலான் புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை ஞாயிறுதோறும் சிலர் கூடிக் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் கூலியில்லா வேலை) போட்டுத் திருத்திவருகிறோம். முகப்பில் பலகை வைக்கலாம் என்றபோதுதான் வம்பு. 'சமூகத் தோட்டம்' என்று எழுதுவோம் என்றேன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த காலத்து ஆயா ஒருவர் சிரித்தார்: "தோட்டமா? எத்தனை ஏக்கரு, தொர யாரு?"

நம் நாட்டுத் தமிழில் தோட்டம் என்றால் ரப்பர், செம்பனை. அதாவது ஆட்களை மேய்க்கும் கங்காணி, கணக்கெழுதும் கிராணி, நிர்வாகம் பார்க்கும் துரை. வீட்டுக்குப் பின்னால் கத்தரி போடும் இடம் அந்தச் சொல்லுக்குள் கடைசியாகத்தான் வரும். இளைஞர்கள் 'பெர்மாகல்ச்சர்' என்றே எழுதிவிடலாம் என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதனால்தான் இந்தக் குறிப்பு.

இயற்கையைப் பார்த்து, நீடித்து விளையும்படி நிலத்தையும் வாழ்வையும் வடிவமைக்கும் முறைக்கு அந்தப் பெயர். சொல் பழையதல்ல. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் 1970களில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கியது. அவர்களின் முதல் நூல் 1978இல் வந்தது. 'பெர்மனன்ட்', 'அக்ரிகல்ச்சர்' இரண்டையும் ஒட்டவைத்த சொல். 'பெர்மனன்ட் அக்ரிகல்ச்சர்' என்ற தொடர் அதற்கும் முந்தியது. சீன, கொரிய, ஜப்பானிய உழவர்களைப் பற்றி எஃப். எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியலாளர் எழுதி 1911இல் வெளியான நூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது. பயிரை மட்டும் பேசினால் போதாது, மனிதர் வாழும் முறையும் சேரவேண்டும் என்று மோலிசனுக்கும் ஹோம்கிரனுக்கும் பட்டதும், பின்பாதியை வெறும் 'கல்ச்சர்' என்றே விரித்துக்கொண்டார்கள்.

லத்தீனில் 'பெர்மனேரே' என்றால் கடைசிவரை தங்குதல். 'கோலேரே' என்றால் உழுதல், குடியிருத்தல், போற்றுதல் மூன்றும். தமிழில் இதற்கு ஈடு தேடுவோர் பெரும்பாலும் 'நிரந்தர விவசாயம்' என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இரண்டும் வடசொல் என்பது கிடக்கட்டும். விவசாயத்தின் மூலமான 'வியவசாய'த்துக்கு முயற்சி, உறுதி என்றே பொருள், மண் அதில் இல்லை. 'நிரந்தரம்' இங்கே இன்னும் சிக்கல். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை) வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க 'நிரந்தரவாசி'யாகவே இருந்து செத்த தாத்தாக்கள் உள்ள ஊர் இது. மூன்று தலைமுறை குடியிருந்த லயம், தோட்டம் கைமாறியதும் போய்விட்டது. நிரந்தரம் என்று பலகை எழுத எனக்குக் கை வரவில்லை.

'நிலையான வேளாண்மை' வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே வழங்குகிறது. மண்ணையும் நீரையும் கெடுக்காமல் பயிர் செய்யும் எல்லா முறைகளுக்கும் அது பொதுப்பெயர். நான் சொல்வது 'நிலைத்த வேளாண்மை'. ஆண்டுக்காண்டு உழுது விதைக்காமல், ஒருமுறை நட்ட முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் தாமே நிலைத்துத் தருவது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது.

வேளாண்மையை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. வள்ளுவர் பயிர்த்தொழிலுக்கு வைத்த அதிகாரம் 'உழவு'. 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்னும்போது அவர் சொல்வது உபகாரம். ஒப்புரவு அதிகாரத்திலும் (குறள் 212) அதே பொருள்தான்: உழைத்துச் சேர்த்ததெல்லாம் தக்கவர்க்கு உதவவே. பெர்மாகல்ச்சருக்கு மூன்று அறங்கள் சொல்வார்கள்: மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிகுதியைப் பகிர். மூன்றாவதை நாம் புதிதாக மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை, வேளாண்மைக்குள் அது முன்பே உட்கார்ந்திருக்கிறது.

'கல்ச்சர்' பாதிக்கு அகராதி தரும் 'பண்பாடு' என்பதிலும் பண்படுத்திய நிலத்தின் வாசம் உண்டு. ஆனால் 'நிலைத்த பண்பாடு' என்று எழுதினால் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி ஆகிவிடும்.

துணைச்சொற்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. 'மல்ச்' என்பதற்கு மூடாக்கு. லாலானை மேலே வெட்டினால் அடித்தண்டிலிருந்து மறுபடி கிளம்பும். அட்டைப்பெட்டியை விரித்து, மேலே காய்ந்த மட்டையும் தழையும் கனமாகப் போட்டு வெளிச்சத்தை அடைத்தால்தான் அடங்கும். இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த ஆயாவே குறுக்கிட்டார். ரப்பர் நிரைகளுக்கு நடுவே கொடிப்பயிர் படரவிட்டு லாலானை அமுக்கியது அவருக்குத் தெரியும். அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்பதும் தெரியும். நாங்கள் வகுப்பு எடுத்ததை அவர் கூலிக்குச் செய்திருக்கிறார்.

பலகையில் இப்போது 'நிலைத்த வேளாண்மை நிலம்' என்றிருக்கிறது. ஆனாலும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போன் வரும்போது, "தோட்டத்துக்கு வர்றியா?" என்றுதான் கேட்கிறார்கள்.