கம்பெனி வழக்கின் செலவு இயக்குநர் தலையில் விழும்போது

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலிலும் பிரைவேட் லிமிடெட் என்று பதிவான பல நிறுவனங்கள் நடைமுறையில் குடும்பத் தொழில்களே. வழக்கு என்று வந்தால், "கேஸ் கம்பெனி பேர்லதானே சார், தோத்தா கம்பெனி கட்டிட்டுப் போகுது" என்று சொல்லாத கட்சிக்காரர் குறைவு. நிறுவனம் வேறு, அதை நடத்துபவர் வேறு என்பது 1896இல் இங்கிலாந்தின் சாலமன் வழக்கில் உறுதியான கொள்கை. நம் நீதிமன்றங்களும் அதையே பின்பற்றுவதால் அந்த நம்பிக்கை பொதுவாகச் சரிதான். ஆனால் வழக்குச் செலவு, அதாவது எதிர்த்தரப்புக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடும் தொகை, என்று வரும்போது நிறுவனத்துக்கும் அதை நடத்துபவருக்கும் நடுவே உள்ள திரை விலகும் சந்தர்ப்பங்களும் உண்டு.

செலவை யார் தர வேண்டும், எந்தச் சொத்திலிருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கே தருகிறது. பொய்யான வழக்குக்கு 35ஏ பிரிவின் கீழ் விதிக்கப்படும் ஈட்டுச் செலவுக்கு 3,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015 வந்தபின் வணிக வழக்குகளில் அந்த வரம்பு இல்லை. வழக்கு நடந்தபோது தரப்பினர் எப்படி நடந்துகொண்டார்கள், நியாயமான சமரசத்தைக் காரணமின்றித் தட்டிக்கழித்தார்களா என்பதையும் நீதிபதி பார்க்கலாம்.

இயக்குநர் என்பதற்காக மட்டும் யார் மீதும் இச்சுமை ஏற்றப்படுவதில்லை. அவரைத் தரப்பினராகச் சேர்த்தோ அறிவிப்பு அனுப்பியோ, விளக்கம் கேட்ட பிறகே தனிப்பட்ட முறையில் செலவு விதிப்பது முறை. ஆபத்து எங்கே என்றால், சொத்தோ தொழிலோ இல்லாமல் வெறும் கூடாகிவிட்ட நிறுவனத்தின் பெயரில் சொந்த ஆதாயத்துக்காக வழக்கை நடத்துவது ஒன்று. பொய் என்று தெரிந்தே பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடுவது மற்றொன்று. வணிக வழக்கில் பிராதுடன் இணைக்கப்படும் உண்மை உறுதிமொழியில், தாக்கல் செய்த ஆவணங்கள் முழுமையானவை என்று கையொப்பமிடுபவர் தம் பெயரில் உறுதியளிக்கிறார். மேஜையில் குவிந்த காகிதங்களில் அதையும் ஒன்றாக எண்ணி, படிக்காமலே கையெழுத்திட்டுத் தரும் இயக்குநர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

குடும்ப நிறுவனங்களில் இதைவிட அதிகம் காண்பது, பங்குதாரர்களுக்குள் வரும் சண்டை. அண்ணன் தம்பி தகராறு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவர் தம் வழக்கறிஞரின் கட்டணத்தை நிறுவனக் கணக்கிலிருந்தே தருகிறார். அது நிறுவனத்தின் சண்டையே அல்ல. கம்பெனிகள் சட்டம், 2013இன் 242ஆம் பிரிவு செலவு விதிக்கும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குத் தருகிறது; எடுத்த பணத்தைத் திருப்பிச் செலுத்தும்படியும் உத்தரவு வரலாம்.

இப்பகுதியில் சிலர் 1996ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் விதித்த 10,000 ரூபாய் அபராதத்தை எடுத்துக்காட்டி, தண்டம் எப்போதும் ஆலைக்குத்தான் என்பார்கள். அது மாசுக்கான அபராதம். வழக்கை நடத்திய விதத்துக்காக விதிக்கப்படும் செலவோடு அதை ஒப்பிட முடியாது.

வழக்குத் தொடரும் முன் போர்டு கூட்டத்தில் காரணத்தைப் பதிவு செய்து தீர்மானம் போடுங்கள். எதிர்ப்பவர் இருந்தால் அவர் கருத்தும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறட்டும். தனிப்பட்ட செலவு குறித்து அறிவிப்பு வந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞரையே நம்பியிராமல், நலன்கள் முரண்படக்கூடும் என்பதால் தனி வக்காலத்து கொடுங்கள். உத்தரவான தொகையை நிறுவனக் கணக்கிலிருந்து கட்டி, 'சட்டச் செலவு' என்று எழுதிவைத்தால், மற்ற பங்குதாரர்களுக்கு அடுத்த மனுவுக்கான காரணத்தை நீங்களே கொடுத்ததாகும்.