மீட்டரில் ஏறாத வயசு

நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே பழைய போர்வைக்கு அடியில் விலைக்கு வந்த ஒரு 400 சிசி டூரிங் பைக். 2018 மாடல், ஒரே ஓனர், மீட்டரில் 6,140 கிலோமீட்டர். கூட வந்த சித்தி மகனுக்குக் கண் அந்த மீட்டரை விட்டு நகரவே இல்லை. "புது வண்டிண்ணே இது, முடிச்சிருவமா?" என்று காதில் கிசுகிசுக்கிறான்.

ஏழு வருஷத்துக்கு 6,140 என்றால் வாரத்துக்கு 17 கிலோமீட்டர். அங்கிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒருதரம் போய்த் திரும்பினால் தீர்ந்துவிடும் தூரம். ஓனர் ஓய்வுபெற்ற மனிதர், பொய் சொல்கிற முகம் இல்லை. "வாரா வாரம் ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டுருவேன் தம்பி, ஒருநாளும் தவறினதில்லை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு உதறல் எடுத்ததே அந்த வார்த்தையில்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறு என்ன வரும்? வண்டி நன்றாகச் சூடாகி ஓடும்போது அது ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பி, சூடேறுவதற்குள் அணைத்தால், ஆவியில் ஒரு பங்கு உள்ளேயே தண்ணீராகப் படியும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிவது எஞ்சின் ஆயிலில் கலக்கும், மிச்சம் சைலன்சருக்குள் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்பக்கம் மோர் திரிந்த மாதிரி வெளிர் மஞ்சளாக ஒரு பூச்சு. ஆயிலும் தண்ணீரும் அடித்துக் கலந்த களிம்பு அது.

அப்புறம் இன்னொரு கணக்கும் உண்டு. வண்டி நின்றுகொண்டே இருந்தால் மேலே உள்ள பாகங்களிலிருந்து ஆயில் வடிந்து கீழே இறங்கிவிடும். கிளப்பும்போது பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றுவதற்குள் உலோகத்தில் உலோகம் உரசும். அந்த முதல் சில நொடிகளில் தேய்மானம் அதிகம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய்வர ஏறக்குறைய 340 கிலோமீட்டர். பதினெட்டு தடவை போய்வந்திருந்தால் இதே மீட்டர் வந்திருக்கும், குளிர்ந்த ஸ்டார்ட் முப்பத்தாறோடு போயிருக்கும். இந்த வண்டியோ 360க்கு மேல் பார்த்துவிட்டது. பேட்டரி கதையும் இதேதான்: செல்ஃப் எடுத்த மின்சாரத்தை அஞ்சு நிமிஷ ஐட்லிங் திருப்பித் தராது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும்.

அடுத்து டயர். பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். இதில் 1418 என்றிருந்தது. 2018ஆம் வருஷத்தின் 14ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கம். வண்டி பதிவானது ஜூன். ஆக, கம்பெனியில் மாட்டி வந்த அதே டயர். பட்டன் பட்டனாக முழுசாக இருக்கிறது. மீட்டரை யாரும் திருப்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் விரல் நகத்தை அழுத்தினேன், இறங்கவில்லை. பட்டன்களின் அடியில் முடி மாதிரி வெடிப்புகள்.

டயர் ரப்பரைக் கந்தகம் சேர்த்து வேகவைத்துத்தான் உறுதியாக்குகிறார்கள். ஆலையை விட்டு வந்த பிறகும் அந்த வேலை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும், ரப்பர் இறுகிக்கொண்டே போகும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மதுரைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் என்ன சூடு இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஓசோனிடமிருந்து காக்க ரப்பரில் ஒருவகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நசுங்கி நிமிரும்போது அது மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். நின்ற டயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இறுகிய ரப்பர் தார் ரோட்டைக் கவ்வாது. மழை ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் அப்புறம் பட்டன் எவ்வளவு இருந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

பெட்ரோல் டேங்க்கை டார்ச் அடித்துப் பார்த்தோம். அரை டேங்க், சுவரில் செம்பழுப்புக் கோடு. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கும். டேங்க்கைக் கழுவினால் சரியாகிவிடும், பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் பிரேக் ஆயில். ஹேண்டில்பாரில் உள்ள சின்னக் குப்பியின் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் வெளிர் தேன் நிறம் தெரிய வேண்டும். இதில் கடுங்காப்பி. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்காது. ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் கொதிநிலை 155 வரை இறங்கலாம். தம்பிக்குக் கொடைக்கானல் ஆசை. வண்டி, இரண்டு பேர், மூட்டை எல்லாம் சேர்த்து 350 கிலோ என்று வைத்தால், அங்கிருந்து வத்தலக்குண்டு வரை சுமார் 1,800 மீட்டர் இறங்குகிற ஆற்றல் 20 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்கும், மிச்சம் பிரேக் டிஸ்க்கின் தலையில். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, ஆவி அமுங்கும். லீவர் ஹேண்டில்பார்வரை வரும், பிரேக் பிடிக்காது.

இவ்வளவும் சொன்னதும் தம்பி முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வேணாங்கிறியாண்ணே?" வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் சத்தம் சுத்தம், செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பல் தேய்ந்து கூர்மையாகவில்லை, டிஸ்க்கில் விளிம்பு விழவில்லை. கெட்டதெல்லாம் மாற்றக்கூடிய சாமான். இரண்டு டயர், பேட்டரி, செயின், எல்லா ஆயிலும் என்று கூட்டிப் பார்த்தால் இருபதாயிரம் பக்கம். ஓனரிடம் கணக்கைக் காட்டினோம். முதலில் முகம் வாடினார், டயரில் நகத்தை அவரே அழுத்திப் பார்த்த பிறகு பதினைந்தாயிரம் குறைத்தார்.

மூன்று வாரம் கழித்து வத்தலக்குண்டு டீக்கடையிலிருந்து தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் மேலிருந்து கீழாகப் பளபளவென்று ஒரு எண்ணெய்க் கோடு. "இது என்னண்ணே?"

ஆயில் சீல், குழாயிலிருந்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். ஏழு வருஷமாகப் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்ற அதன் உதடு, அதற்கு மேலே குழாயில் ஊசிமுனை அளவுத் துருப்புள்ளிகள். குழாய் ஏறி இறங்க, புள்ளி அரம் மாதிரி உதட்டை அறுத்துவிட்டது. கொட்டகையில் அந்தக் குழாயை ஒருதரம் விரலால் தடவிப் பார்த்திருந்தால் எனக்கே தட்டுப்பட்டிருக்கும்.