குன்னூர்க் குளிர் ஃப்ரிட்ஜ் ஆகாது

விருந்து சனிக்கிழமை ராத்திரி என்றால், நான் பயப்படும் போன் ஞாயிற்றுக்கிழமை வராது. திங்கட்கிழமை காலையில்தான் வரும். "அக்கா, நேத்து ராத்திரியில இருந்து வீட்ல நாலு பேருக்கு வயித்தால போகுது. மட்டன்ல ஏதாவது...?" சனிக்கிழமை அந்த மட்டனைச் சாப்பிட்ட இருபது பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஞாயிறு காலை தோசைக்கு அதே குழம்பை ஊற்றிக்கொண்ட நாலு பேருக்குத்தான் ஆகியிருக்கும். "மீதியை எங்க வெச்சீங்க?" என்று கேட்டால், எந்த வீடாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். "அடுப்பு மேலேயே மூடி வெச்சிருந்தோம். இந்தக் குளிர்ல கெட்டுப்போகுமா என்ன?"

இருபது வருடமாகக் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வீடுகளில் விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது மதுரை. அங்கே மதியம் வைத்த குழம்பு சாயங்காலம் நுரைத்துவிடும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். வெயில் நமக்குப் பயத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மலைக்கு வந்ததும் அந்தப் பயம் போய்விடுகிறது. டிசம்பர் வந்தால் "எதுக்குக் கரண்ட் செலவு" என்று ஃப்ரிட்ஜையே அணைத்து வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஜனவரி ராத்திரி என் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பதினைந்து லிட்டர் பாத்திரம் நிறைய இருந்த மட்டன் குழம்பில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் அந்தச் சின்னக் கருவி எப்போதும் என் பையில் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு 80 டிகிரி. சமையலறையில் எங்களுக்கு வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. காலை ஐந்து மணிக்கு மூடியைத் திறந்து நடுவில் குத்தினேன். 38 டிகிரி. பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஜில்லென்று இருந்தது; உள்ளே காய்ச்சல்காரன் உடம்புச் சூடு.

சமைத்த உணவில் கிருமி பெருகும் எல்லை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. பெரிய பாத்திரத்து இறைச்சிக் குழம்புகளில் வேலை காட்டும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜன்ஸ் என்ற கிருமிக்கு 40 டிகிரியைத் தாண்டிய சூடு ரொம்பப் பிடிக்கும். அந்தச் சூட்டில் அது பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதன் வித்துகள், அதாவது கிருமி உறங்கிக் கிடக்கும் கெட்டி வடிவம், கொதியிலும் சாவதில்லை. குழம்பு மெல்ல ஆறும்போது விழித்துக்கொள்கின்றன. காற்றில்லாத இடம்தான் அதற்கு வேண்டும், ஆழமான பாத்திரத்தின் அடியில் அது தாராளமாகக் கிடைக்கிறது. சாப்பிட்டு எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் பேதியும் வரும். திங்கட்கிழமை போனின் கணக்கு இதுதான்.

சோறு இன்னும் மோசம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் வித்தும் வேகவைத்தால் சாகாது. சோறு வெளியிலேயே இருந்தால் அது ஒரு நஞ்சைச் சுரந்து வைக்கும். மறுநாள் நீங்கள் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு அழியாது. "நல்லா கொதிக்க வெச்சுட்டேன் அக்கா" என்ற சமாதானம் இதற்குச் செல்லாது.

சரி, என்ன செய்யலாம்? பரிமாறி முடிந்ததும் மீதியை அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். குழம்புப் பாத்திரத்தைக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய அண்டாவுக்குள் இறக்கி, கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கை விறைக்கும் அளவுக்கு இருக்கிறதே, குளிரை வேலை வாங்க வேண்டிய இடம் அதுதான். இரண்டு மணி நேரத்துக்குள் 60-லிருந்து 21 டிகிரிக்கு இறங்க வேண்டும், அப்புறம் நாலு மணி நேரத்துக்குள் 5-க்கு. அதற்கு ஃப்ரிட்ஜ்தான் வேண்டும், ஜன்னலோரம் போதாது. கொதிக்கக் கொதிக்க முழுப் பாத்திரத்தையும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் சேர்ந்து கெடும்.

குளிர் நம்மை ஏமாற்றுவது ஒரு வழி. கொதி ஏமாற்றுவது இன்னொரு வழி.

மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் கொதிக்கும் சூடும் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. குன்னூர் 1850 மீட்டர், இங்கே தண்ணீர் 94 டிகிரியில் கொதிக்கிறது. ஊட்டி 2240 மீட்டர், அங்கே 92 அல்லது 93. கொடைக்கானலும் கிட்டத்தட்ட அதேதான். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து, வெந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்கு வந்த முதல் வருடம், வடநாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு இருபத்தைந்து பேர் விருந்து. ராஜ்மா கேட்டார்கள். குக்கர் போதவில்லை, அண்டாவில் வேகவைத்தேன். ஊறவைத்ததும் மூன்று மணி நேரம்தான். கொட்டை கொஞ்சம் நறுக்கென்று இருந்தது, மசாலாவில் ஊறினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டார்கள். பதினொரு மணிக்குக் குளியலறை வாசலில் வரிசை. எல்லாரும் பன்னீரைக் குற்றம் சொன்னார்கள், நானும்தான். வாந்தி எடுத்தவர்களைப் பார்க்க வந்த டாக்டர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "ராஜ்மாவை எப்படிம்மா வேகவெச்சீங்க?"

ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 100 டிகிரியில் முழுதாகப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதித்தால்தான் அது அடங்கும். 80 டிகிரியில் மெதுவாக வெந்தால் அடங்குவதற்குப் பதில் நச்சு இன்னும் ஏறவும் செய்யும். வேகாத கொட்டை நாலைந்து போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் 100 டிகிரி வரவே வராது. அதனால் மலையில் ராஜ்மா என்றால் குக்கர், வேறு பேச்சில்லை. ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். ஒரு கொட்டையை நசுக்கிப் பார்க்கும்போது வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும். குக்கர் சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாக வையுங்கள், அல்லது ராஜ்மாவையே விட்டுவிடுங்கள். சந்தையில் பச்சை பட்டர் பீன்ஸ் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு ராஜ்மாவுக்கு ஏங்குவானேன்? (அதையும் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.)

குக்கரும் மலையில் கொஞ்சம் சோம்பேறிதான். உள்ளே ஏறும் சூடு சமவெளியைவிட மூன்று நாலு டிகிரி குறைவு. மதுரை வீட்டு விசில் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரம் பாருங்கள், கீழே ஆகும் நேரத்தோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு மசிந்த பிறகுதான் தக்காளியும் புளியும். புளிப்பு முன்னால் விழுந்தால் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். பாஸ்மதியை அரை மணி நேரமாவது ஊறவைத்துவிட்டுத் தாராளமான தண்ணீரில் போடுங்கள்.

விருந்துத் திட்டம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள் என்பதுதான். பன்னிரண்டு பேருக்கு ஒரு பிரியாணி, ஒரு குழம்பு, ஒரு பருப்பு, இரண்டு காய், ஒரு தயிர்ப்பச்சடி, ஒரு இனிப்பு. பாஸ்மதி ஒன்றேகால் கிலோ, எலும்போடு மட்டன் இரண்டு கிலோ. இதற்கு மேல் செய்வதெல்லாம் மறுநாள் மீதியாகி மேலே சொன்ன கதையில் போய் முடியும். வீட்டம்மாவே சமைத்து வீட்டம்மாவே பரிமாறும் விருந்தில் பூரி வேண்டவே வேண்டாம். விருந்தாளிகள் பேசிச் சிரிப்பார்கள், அவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தயிரை முதல் நாள் ராத்திரி உறையூற்றினால் மறுநாள் பாலாகவே இருக்கும். இரண்டு நாள் முன்பே, கை பொறுக்கும் சூட்டில் பாலை ஹாட்பேக்கில் ஊற்றி, கம்பளியில் சுற்றி வையுங்கள். உறைந்ததும் ஃப்ரிட்ஜுக்கு. மசாலா அரைப்பது, வெங்காயம் வதக்குவது எல்லாம் முதல் நாள். சோறு மட்டும் கடைசி. கொடைக்கானல் மலைப்பூண்டு கையில் இருந்தால் ரசத்துக்குப் பாதி அளவு போடுங்கள், காரமான பூண்டு அது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கர்வம் அதற்கு உண்டு.

தட்டில் நடப்பதையும் யோசிக்க வேண்டும். ராத்திரி எட்டரைக்குப் பீங்கான் தட்டே பனிக்கட்டி மாதிரி இருக்கும். நெய் விட்ட பிரியாணி மூன்றாவது வாயில் மேலண்ணத்தில் ஒட்டும், மட்டன் கொழுப்பு தட்டோரத்தில் வெள்ளையாக உறைந்து நிற்கும். வனஸ்பதி என்றால் கேட்கவே வேண்டாம். தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து எடுங்கள். குழம்பையும் பருப்பையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, 60 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வளைவுகளில் ஏறி வருகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அவர்கள் முன்னால் உடனே பஜ்ஜியை நீட்டாமல் சுக்குக் காபி கொடுங்கள், கூட ஒரு வர்க்கி (மொறுமொறு ஊட்டி பிஸ்கட்) போதும். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லி முதல் நாளே ஞாபகப்படுத்திவிடுங்கள். 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமாகிவிட்டது.

கேஸ் விஷயம். ஒரே சிலிண்டரில் மூன்று பெரிய அடுப்பை எரித்தால் சிலிண்டர் மேல் பனி பூத்துத் தீ சுருங்கும். உள்ளே இருக்கும் திரவம் வாயுவாக மாறச் சூடு வேண்டும், மலைக் காற்றில் அது கிடைப்பதில்லை. உடனே யாராவது வெந்நீரை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவதும், அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்திச் சூடு காட்டுவதும் உயிரோடு விளையாட்டு. ஒரு அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மீதியைக் கொல்லையில் கொட்டாதீர்கள். எலும்பு வாசனைக்கும் நெய் வாசனைக்கும் கரடி வரும். கோத்தகிரிப் பக்கம் எண்ணெய்க்காகக் கதவை உடைக்கும் கரடிகளுக்கு உங்கள் பிரியாணி ஒரு பொருட்டே இல்லை.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாதது கரி. தம் பிரியாணிக்கு மூடி மேல் கனல் வைப்போம். தம் முடிந்தபின் அந்தக் கனல் இன்னும் செக்கச்செவேலென்று இருக்கும். யாராவது ஒரு மாமா, "வீணா போகுதே, ஹாலுக்குக் கொண்டு போனா குளிருக்கு இதமா இருக்கும்ல" என்பார். நான் உதவியாளாக இருந்த காலத்தில் அப்படி ஒரு இரும்புச் சட்டியை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனதே நான்தான். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒரு பாட்டிக்குத் தலைவலி, இரண்டு பிள்ளைகளுக்குக் குமட்டல். "மலை ஏறி வந்த தலைசுத்தல்" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை சோபாவில் துவண்டு விழுந்த பிறகுதான் மாஸ்டர் ஓடி வந்து ஜன்னல்களைத் திறந்து எல்லாரையும் வெளியே இழுத்தார். அன்றைக்கு எல்லாரும் பிழைத்தார்கள்.

கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. புகை அடங்கிய கரியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம்: மலைப்பாதைக்கும் மதுவுக்கும் இருக்கும் அறிகுறிகளே இதற்கும் இருப்பதால், விருந்து வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கூட்டிவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது, வெந்நீர்ப் பை இருக்கிறது, மின்சார ஹீட்டர் இருக்கிறது.

நான் இப்போது தம் அடுப்பைக் கூரையில்லாத முற்றத்தில்தான் போடுகிறேன். பிரியாணியை இறக்கியதும் கனலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, கரி முழுக்க நனைந்து கறுத்துப்போகும் வரை நின்றுவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். "என்னக்கா, நல்ல கனலை அணைச்சுட்டீங்களே" என்று வீட்டுக்காரர் வருத்தப்படுவார். படட்டும்.